நூலக மென்பொருளைத் திருத்த வாசகரிடம் கருத்துக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றியிருக்கும், அல்லது ஏற்ற நினைத்திருக்கும் பொது நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் ஒரு பொது நூலகத்தில் முதலில் இரவல் பகுதியிலும் பிறகு பட்டியலாக்கத்திலும் இருந்தவன். இப்போது அங்கேயே மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் பாவிப்பது கோஹா என்ற திறந்த மூல நூலக மென்பொருள். அதனால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு எதற்கு வாசகரைக் கேட்க வேண்டும்?

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசகர் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றி எங்களிடம் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று பார்க்க வந்தவர். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ‘விபுலாநந்தர்’ என்று தட்டினார். நடுவில் ‘ந’. திரையில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒன்றும் இல்லையாம் மனே” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் இருந்த கதிரையிலிருந்து பத்தடி தூரத்து அலுமாரியில் ஒரு தட்டு நிறைய அந்த நூல்கள்தான். எங்கள் பட்டியலில் அத்தனையும் ‘விபுலானந்தர்’ என்று ‘ன’ போட்டுப் பதியப்பட்டிருந்தன.

மென்பொருளில் பழுதில்லை. பட்டியலிலும் பிழை என்று சொல்ல முடியாது, இரண்டு எழுத்துமுறையும் வழக்கில் உள்ளவைதான். ஆனாலும் நான் அப்போது பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் அவர் வெறுங்கையோடு போயிருப்பார். முறைப்பாடு எழுதியிருக்கவும் மாட்டார், ஏனென்றால் புத்தகம் இல்லை என்றே நம்பியிருப்பார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த ஆசிரியரின் நேரத்தை நாங்கள் வீணாக்கியது எங்கள் எந்த மாதாந்த அறிக்கையிலும் தெரியவில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் எல்லாரும் “நல்லா இருக்கு” என்றுதான் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். நம் பக்கத்து ஆட்கள் மரியாதை பார்ப்பவர்கள். எதிரில் நிற்கிற மிஸ்ஸையோ சேரையோ பார்த்து “உங்கட சிஸ்டம் சரியில்லை” என்று சொல்ல மாட்டார்கள். கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள், ஏன் மனதை நோகடிப்பான் என்று நினைத்து நல்லதையே சொல்வார்கள். அதோடு, கணினியில் ஒன்று பிடிபடவில்லை என்றால் தனக்குத்தான் விளங்கவில்லை என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறவர்களே அதிகம். “எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி” என்று ஒருவர் சொன்னால், அதை ஒரு முறைப்பாடாகவே எடுத்து எழுதிவையுங்கள். எங்கள் திரையில் ஏதோ ஒன்று அவரை நிறுத்தியிருக்கிறது.

அபிப்பிராயம் கேட்பதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தைத் தேடினீர்கள்? என்ன சொல்லைத் தட்டினீர்கள்? என்ன வந்தது? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? இந்த நான்காவது கேள்வியில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. “விட்டுவிட்டேன்”, “மகளிடம் கொடுத்தேன்”, “வந்து உங்களிடம் கேட்கலாம் என்று இருந்தேன்” என்று பதில் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைக் காட்டும்.

கேட்கிறவர் யார் என்பதும் முக்கியம். மென்பொருளை அமைத்தவரே கேட்டால் வாய் திறக்காது. எங்கள் நூலகத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி கேட்டபோது வந்த பதில்கள், நான் கேட்டபோது வந்தவற்றைவிட நீளமாகவும் வெளிப்படையாகவும் இருந்தன. அவளிடம் வயதானவர்கள் தங்கச்சி, மகள் என்று கூப்பிட்டுக் கதைத்தார்கள்.

யார் யாரைக் கேட்க வேண்டும்?

முதலில் இரவல் பகுதியில் இருக்கும் உங்கள் ஆட்களையே கேளுங்கள். நாள் முழுக்க அந்தத் திரையோடு இருப்பவர்கள் அவர்கள்தான். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது எந்தப் பக்கம் திறக்கச் சுணங்குகிறது, தண்டப்பணத்தை வாங்கிப் பதிய எத்தனை தரம் அழுத்த வேண்டியிருக்கிறது, பட்டைக்குறி வாசிக்காத புத்தகத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

வாசகர்களில், அடிக்கடி வருகிறவர்களோடு நின்றுவிடக் கூடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர் நினைத்த நேரம் வந்து போகலாம். மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமிருந்து வருகிறவர் வாவியைக் கடந்து பஸ்ஸில் வர வேண்டும். இணையப் பட்டியலில் ‘உள்ளது’ என்று பார்த்துவிட்டு அவர் புறப்படுகிறார். வந்து பார்த்தால் புத்தகம் தட்டில் இல்லை. அவருக்கு ஒரு நாள் போய்விட்டது, பஸ் காசும் போய்விட்டது. இந்த ஒரு முறைப்பாட்டைக் கேட்ட பிறகுதான், முன்பதிவு வசதி எங்களிடம் இருந்தும் அதை ஒருவரும் பாவிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பொத்தானில் இருந்த சொல் வாசகருக்கு விளங்கவில்லை. இப்போது ‘எனக்காக எடுத்து வையுங்கள்’ என்று போட்டிருக்கிறோம்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை என்று எங்கள் வாசகர்கள் பல ஊர்க்காரர்கள். ஒரே பெயரை முகம்மது, முஹம்மது, முகம்மட், மொஹமட் என்று தங்கள் வழக்கப்படி எழுதுகிறவர்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே தேடுவார்கள். அம்பாறையில் சிங்கள வாசகரும் வருவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மூன்று பேரையாவது கேட்காமல் ‘வாசகர் கருத்து’ என்று எழுதாதீர்கள்.

அப்புறம், வருவதை நிறுத்திவிட்டவர்கள். அங்கத்துவம் புதுப்பிக்காதவர்களின் பட்டியல் மென்பொருளிலேயே எடுக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கதைத்துப் பாருங்கள்.

கூகுள் படிவம் ஒன்றைச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

உதவும், போதாது. அதை நிரப்புகிறவர் ஏற்கெனவே இணையத்தில் லேசாக நடமாடத் தெரிந்தவர். படிவம் வைப்பதென்றால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம், அதில் ஒன்றாவது அவர் சொந்த வார்த்தையில் எழுதும் இடமாக இருக்கட்டும். குரல் பதிவாகவும் அனுப்பலாம் என்று சொல்லுங்கள். தமிழில் தட்டச் சோம்பல்படுகிறவர்கள்கூட வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிடுகிறார்கள்.

வாசகர் தேடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பதை எப்படிச் செய்வது? எத்தனை பேர் வேண்டும்?

எல்லா வழிகளிலும் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதில்தான். பெரிய ஆயத்தம் தேவையில்லை. ஒரு கணினி, அல்லது வாசகரின் சொந்தக் கைபேசி, ஒரு கொப்பி, பேனா.

முதலில் அவருக்குச் சொல்லிவிடுங்கள்: “உங்களைச் சோதிக்கவில்லை, எங்கள் மென்பொருளைத்தான் சோதிக்கிறோம். எங்கே தடக்குகிறதோ அங்கே தடக்குகிறது என்று சொல்லுங்கள்.” பிறகு வாழ்க்கையில் வருகிற வேலையாக ஒன்றைக் கொடுங்கள். “உங்கள் மகன் உயர்தரம் படிக்கிறான். இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு இங்கே இருக்கிறதா, வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள்.” இதில் ‘தேடல் பெட்டியில் தட்டுங்கள்’ என்று நாம் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பெட்டியை அவரே கண்டுபிடிக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. சுட்டி சரியான இடத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கும், “அதுதான், அதை அழுத்துங்க” என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லிவிட்டால் அன்றைய வேலை கெட்டது. எங்கே தயங்கினார், எதை வாசிக்காமல் தாண்டினார், எந்த இடத்தில் பெருமூச்சு விட்டார் என்று எழுதிக்கொண்டே இருங்கள். ஒரு தாய், தேடல் முடிவில் ‘உசாத்துணை’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, எடுத்துப் போகலாம் என்று நினைத்தார். நூலகத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அது இங்கேயே இருந்து வாசிக்க வேண்டிய புத்தகம். அவருக்கு அது வெறும் ஒரு சொல். அடுத்த வாரமே ‘நூலகத்தில் இருந்து வாசிக்க மட்டும்’ என்று மாற்றினோம்.

எத்தனை பேர் என்றால், இணையதளங்களின் பாவனையை நீண்டகாலம் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதியபடி, ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான தடங்கல்கள் வெளியே வந்துவிடும். ஐந்து பேரைப் பார்த்துத் திருத்திவிட்டு, இன்னும் ஐந்து பேரைப் பார்ப்பது, ஒரேயடியாகப் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட நல்லது. வாசகர் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று மிக வித்தியாசமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் சிலரைத் தனியாகப் பாருங்கள்.

யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கோஹாவில் வாசகர் தேடிய சொல் அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே இருக்கும். அதனால் சேர்வரின் அணுகல் பதிவில் அது விழுகிறது. மாதத்துக்கு ஒரு தரம், ஆள் யார் என்று காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சொற்களை மட்டும் தனியாக எடுத்து, ஒன்றும் கிடைக்காத சொற்கள் எவை என்று நாங்களே தேடிப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் மூன்று வகை இருக்கும். எங்களிடம் இல்லாத புத்தகம்: அது கொள்வனவுக்குப் போக வேண்டிய செய்தி. இருந்தும் காட்டாத புத்தகம்: அது பட்டியலாக்கத்துக்கு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவை: கைபேசியில் தேடுகிற பிள்ளைகள் பலரும் அப்படித்தான் தேடுகிறார்கள்.

கோஹாவின் புதிய பதிப்புகளில், நூற்பதிவில் ஒரு பிழையைக் கண்டால் வாசகர் அந்தப் பக்கத்திலிருந்தே அறிவிக்கும் வசதி இருக்கிறது. நூல் வாங்கும்படி யோசனை சொல்லும் வசதி நெடுநாளாகவே உண்டு. இரண்டையும் அமைப்புகளில் இயக்கிவிட்டுப் பாருங்கள்.

வருகிற முறைப்பாடுகளில் பாதி, தமிழில் தேடினால் வரவில்லை என்பதே. இதைத் திருத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் காரணம் ஒன்றல்ல, நான்கைந்து. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவையாக இருக்கலாம். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். அந்த எக்செல் கோப்பை அப்படியே மென்பொருளில் ஏற்றினால் தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு ஒரு ஆள் இருந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

யூனிகோடிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நியமமாக்கல் இதைச் சரிசெய்துவிடும். கோஹாவில் ஸெப்ரா தேடுபொறி பாவிப்பவர்கள், லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு உகந்த ஐ.சி.யூ. அட்டவணை முறைக்கு மாறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றினால் முழுப் பட்டியலையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி இன்னொரு தெரிவு.

ஆனால் ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டுகிறவர்களுக்கு நியமமாக்கல் உதவாது. ‘அவ்வையார்’ என்று தேடுகிறவருக்கும் உதவாது. டாக்டர், டொக்டர் என்பதற்கும் அப்படியே. இங்கேதான் ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் பெயர் அதிகாரப் பதிவு வேண்டும். ஒரு வடிவத்தை 100 ஆம் புலத்தில் தலைப்பாக வைத்து, மற்ற வடிவங்களை 400 ஆம் புலத்தில் ‘காண்க’ என்று கொடுக்கிறோம். அந்த மாற்று வடிவங்களையும் தேடலில் சேர்க்கும் தெரிவு கோஹாவின் அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கி, மறுபடி அட்டவணைப்படுத்தினால் எந்த வடிவத்தில் தட்டினாலும் புத்தகம் வரும். நூல் தலைப்புகளின் மாற்று வடிவங்களுக்கு, மார்க் என்ற பொது வடிவத்தில் அமைந்த நூற்பதிவில் 246 ஆம் புலம். ஆங்கில எழுத்துத் தலைப்பையும் அங்கே போடலாம்.

இது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. வாசகர் தேடித் தோற்ற பெயர்களை மட்டும் எடுத்து, நாளுக்குப் பத்து என்று செய்துகொண்டு போகிறோம். நான் முதலில் செய்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

மேலிடம் புள்ளிவிவரம் கேட்கிறது. ஏதாவது எண் காட்ட முடியுமா?

ஜோன் புரூக் 1986 இல் உருவாக்கிய 10 கூற்றுகள் கொண்ட பாவனை அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை வாசகர் தருவார். ஒற்றை எண் கூற்றுகளில் தந்த எண்ணிலிருந்து 1 ஐக் கழிக்க வேண்டும். இரட்டை எண் கூற்றுகளில் தந்த எண்ணை 5 இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாம் கூட்டி 2.5 ஆல் பெருக்கினால் 0 க்கும் 100 க்கும் இடையில் ஒரு புள்ளி வரும். 68 ஐச் சராசரியாக எடுப்பது வழக்கம். அது சதவீதம் அல்ல என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். கூற்றுகளில் பாதி எதிர்மறையானவை. தமிழில் போடும்போது ‘இல்லாமல் இல்லை’ போன்ற சுற்றிவளைப்பு வந்தால் வாசகர் மாறிக் குறித்துவிடுவார், அதனால் இரண்டு மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

எந்தக் காலத்தில் கேட்பது நல்லது?

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், ஆட்கள் எப்படியும் வருவார்கள். மாரி தொடங்கி வெள்ளம் வரும் மாதங்களிலும் பெரும்போக அறுவடை நேரத்திலும் படுவான்கரை ஆட்களை எதிர்பார்க்க முடியாது. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பெயர், அங்கத்துவ இலக்கம் எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பெயரும் விலாசமும் எழுதச் சொன்னால் இங்கே பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். யுத்த காலத்தில் வாழ்ந்தவர்கள், பெயர்ப் பட்டியல் என்றாலே யோசிப்பார்கள். அதை நாம் மதிக்க வேண்டும். வயதுக் கூட்டம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், கைபேசியா கணினியா, இவ்வளவும் போதும். பதில் வேண்டும் என்கிறவர் மட்டும் இலக்கம் தரட்டும்.

ஒருவர் என்ன வாசித்தார் என்பது அவருடைய சொந்த விடயம். கருத்துக் கேட்கிற சாட்டில் இரவல் வரலாற்றைத் திறந்து பார்ப்பது கூடாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் செய்யக் கூடாத காரியம் அது. திரைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பும்போது வாசகரின் பெயரை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

வந்த கருத்துகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

நாங்கள் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். திகதி, வாசகர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, யார் திருத்தலாம், என்ன ஆனது என்று நான்கு நிரல். மூன்றாவது நிரல்தான் கண்ணைத் திறந்தது. ‘மென்பொருள் சரியில்லை’ என்று வந்தவற்றில் நிறைய, எங்கள் பட்டியல் தரவின் பிழை. சில, நாங்களே மாற்றக்கூடிய அமைப்பு. சில, நூலக விதி: எத்தனை புத்தகம், எத்தனை நாள், எவ்வளவு தண்டப்பணம். அவை சபைக்குப் போக வேண்டியவை. மென்பொருளை எழுதுகிறவர்களிடம் போக வேண்டியது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தை யாரிடம் சொல்வது? மட்டக்களப்பிலிருந்து சொன்னால் எடுபடுமா?

எடுபடும். கோஹா தொடங்கியதே ஒரு சின்ன ஊரில்தான். நியூசிலாந்தின் ஹொரொஃபெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000 ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்து, 1999 இல் கட்டிப்போ என்ற நிறுவனத்தைக் கொண்டு எழுதுவித்தது. 2000 ஜனவரியில் பாவனைக்கு வந்தது. திறந்த மூலமாக எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். ‘கோஹா’ என்பது மாவோரி மொழியில் அன்பளிப்பு.

பிழைகளைப் பதிய பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. யாரும் கணக்குத் திறந்து எழுதலாம். உங்கள் பதிப்பு இலக்கம், என்னென்ன படிகளில் செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இந்த நான்கும் இருந்தால் போதும். தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டதென்றால் எந்தச் சொல் என்று அப்படியே ஒட்டுங்கள், அவர்களிடம் தமிழ் விசைப்பலகை இருக்காது. திருத்தம் எழுதப்பட்ட பிறகு இன்னொருவர் அதைச் சோதித்து ஒப்பமிட வேண்டும். நிரல் எழுதத் தெரியாத நூலகரும் அந்தச் சோதனையைச் செய்யலாம். மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வரும், இடையில் திருத்தப் பதிப்புகளும் வரும். தமிழ் இடைமுகத்தில் ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் அவர்களின் மொழிபெயர்ப்புத் தளத்தில் நாமே திருத்த யோசனை சொல்லலாம். தமிழ்நாட்டு வழக்கும் நம் வழக்கும் முட்டும் இடங்கள் வரும், அதைக் கதைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

வாசகர் சொன்னதைச் செய்ய முடியாவிட்டால்?

முடியாது என்றும் ஏன் என்றும் சொல்லிவிடுங்கள். ஒரு இளைஞர் புத்தகம் முழுவதையும் கைபேசியில் வாசிக்க வழி கேட்டார். பதிப்புரிமை இருக்கிற நூல்களை நாங்கள் அப்படிப் போட முடியாது என்று விளக்கி, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தைக் காட்டிக் கொடுத்தோம். சந்தோசமாகப் போனார்.

செய்து முடித்ததை எப்படித் தெரியப்படுத்துவது?

வாசகர் கணினிக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத் தாள். இடப்பக்கம் ‘நீங்கள் சொன்னது’, வலப்பக்கம் ‘நாங்கள் செய்தது’. மாதம் ஒரு தரம் மாற்றுகிறோம். முதல் தாளின் முதல் வரி: ‘விபுலாநந்தர் என்று தேடினால் வரவில்லை’ – ‘ந, ன எதைப் போட்டாலும் இப்போது வரும்’. அந்த ஆசிரியர் அடுத்த முறை வந்தபோது அதைக் காட்டினேன். நின்று வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடியும் ஒற்றை விரலால், அதே ‘ந’ போட்டுத் தட்டினார். வந்த பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, “இதில் ஒன்றின் பதிப்பு ஆண்டு பிழை, மனே” என்றார். கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன்.